நோன்பு முடிந்தபின் உண்ணும் முதல் கவளம்

திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபதவாசல் கடந்து வந்தவர்களுள் பலர், அன்று முழுவதும் உண்ணாது, இரவும் உறங்காது இருந்து, மறுநாள் துவாதசியில் பாரணை செய்வர். அந்தப் பாரணை இலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் தவறாது இடம்பெறும். கொள்ளிடத்தின் வடகரையில், சமயபுரத்தில், வேறொரு வழக்கம். அங்கு மாரியம்மனே தம் பக்தர்களுக்காக மாசியின் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனியின் கடைசி ஞாயிறு வரை 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். அந்நாட்களில் சமைத்த தளிகை கிடையாது; துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு ஆகியவையே நைவேத்தியம். அம்மனோடு சேர்ந்து விரதமிருக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம்.

விரதம் இருப்பது எப்படி என்று சொல்ல இங்கு பெரியோர் பலர் உள்ளனர். விரதத்தை முடிப்பது எப்படி என்பதை மருத்துவ நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில், கோயில் விரதத்தால் தளர்ந்தவர்களைவிட, உடல் எடையைக் குறைக்கத் தாமே கடும் பட்டினியை வகுத்துக்கொண்டவர்களே மிகுதி. திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பு காலையில் ஒரு கோப்பை மாவுக்கரைசலும் இரவில் ஒரு தட்டு வெள்ளரிக்காயும் மட்டும் உண்ணத் தொடங்குகிறார்கள். நாளொன்றுக்கு 800 கிலோ கலோரிக்கும் குறைவாக உண்பதை மருத்துவர்கள் 'மிகக் குறைந்த ஆற்றல் உணவுமுறை' என்பர். அதை மருத்துவரின் மேற்பார்வையில் மேற்கொள்ளலாம். தாமே தொடங்கித் தாமே ஒரு நாள் முடித்துக்கொள்வதில்தான் இடர் இருக்கிறது. அதிலும் தொடங்கும் நாளைவிட முடிக்கும் நாளே சில வேளைகளில் அதிகக் கவனத்தை வேண்டுகிறது.

முதலில் ஓர் அச்சத்தை நீக்கிவிடுவோம். உடல்நலமுள்ள ஒருவர் ஏகாதசியன்று ஒரு நாள் உண்ணாதிருந்து மறுநாள் உண்பதால் இங்கு சொல்லப்போகும் ஆபத்து நேராது. வெறும் வயிற்றில் காரமும் புளியும் சேர்ந்தால் வயிறு எரியலாம், அவ்வளவே. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் நிலை வேறு. அதைப் பின்னர்க் காண்போம்.

பட்டினி நாட்கணக்கில் நீளும்போது உடல் தன் எரிபொருளை மாற்றிக்கொள்கிறது. கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பின்னர்க் கொழுப்பும் தசையும் கரைகின்றன. இதயத்தின் தசையும் இதற்கு விலக்கன்று. இன்சுலின் சுரப்பு தாழ்ந்து நிற்கிறது. செல்களுக்குள் இருக்கவேண்டிய பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய தாது உப்புகள் மெல்ல மெல்லக் குறைகின்றன. ஆனால் இரத்தப் பரிசோதனையில் இவற்றின் அளவு சரியாகவே காணப்படலாம். வெளியே பூட்டு சரியாகத் தொங்கும். உள்ளே பத்தாயம் காலியாக இருக்கும். 'டெஸ்ட் எல்லாம் நார்மல்' என்று உறவினர் ஆறுதல் கொள்வது இதனால்தான் போதுமானதாகாது.

இந்நிலையில் ஒருவர் திடீரென வயிறு நிறையச் சோறும் இனிப்பும் உண்டால், இன்சுலின் பொங்கி எழுகிறது. சர்க்கரையைச் செல்லுக்குள் செலுத்தும்போது அது பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இரத்தத்திலிருந்து உடன் இழுத்துச் செல்கிறது. இரத்தத்தில் அவற்றின் அளவு சடுதியில் சரிகிறது. பாஸ்பேட் இல்லையேல் மூச்சுத் தசைகளுக்கு ஆற்றல் இல்லை. பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்தால் இதயத் துடிப்பு தாளம் தவறும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்வதால் கால் வீங்கும். மெலிந்த இதயம் அந்த நீரைத் தாங்காது திணறும். இவை பெரும்பாலும் உணவு தொடங்கிய முதல் 5 நாட்களுக்குள் நேர்கின்றன. மருத்துவ நூல்கள் இதை 'மீள்ஊட்டக் கோளாறு' என்ற பொருள்படும் பெயரால் குறிக்கின்றன.

இதனை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது துயரமான ஒரு காலத்தில். இரண்டாம் உலகப் போரின் முடிவில், நெடுநாள் பட்டினி கிடந்த போர்க்கைதிகளும் வதைமுகாம்களில் இருந்தவர்களும் மீட்கப்பட்டபோது, உணவு கிடைத்த பின்னரே சிலர் இறந்தனர். 1945 ஏப்ரலில் விடுவிக்கப்பட்ட பெர்கன்-பெல்சன் முகாமில் இருந்தவர்களுக்கு, 1943இன் வங்காளப் பஞ்சத்தில் பயன்பட்ட பால்பொடி, மாவு, சர்க்கரை ஆகியவற்றின் கலவையையே பிரித்தானிய மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தனர். அது தாங்கமுடியாத தித்திப்பு என்று பலர் மறுத்துவிட்டனர். பசித்தவருக்கு எதைக் கொடுத்தாலும் நன்மையே என்ற எண்ணம் அங்கு தகர்ந்தது.

நம் வீடுகளில் அவ்வெண்ணம் இன்னும் தகரவில்லை. பல நாள் சரியாக உண்ணாத ஒருவர் சோர்ந்து விழுந்தால், அருகிலுள்ள மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று, 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்' என்று வற்புறுத்துவதை நாம் அன்பின் அடையாளமாகக் கருதுகிறோம். நெடும் பட்டினியில் இருந்தவருக்கு அது தீங்காக முடியக்கூடும். சர்க்கரையை உடல் பயன்படுத்தத் தயமின் எனும் பி1 வைட்டமின் தேவை. உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. எஞ்சியிருக்கும் சிறிதளவையும் குளுக்கோஸ் செலவழித்துவிட்டால் மூளை பாதிக்கப்படும்; குழப்பம், கண் இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல் ஆகியன தோன்றும். ஆகவேதான் இத்தகையோருக்கு உணவு தொடங்கும் முன்பே மருத்துவர் தயமின் கொடுக்கிறார். 'இளைத்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றாமல் ஊசி மட்டும் போடுகிறார்களே' என்று வருந்தும் உறவினர் இதை நினைவில் கொள்க.

யாருக்கு இந்த ஆபத்து மிகுதி? 10 நாட்களுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவர். கடந்த 3 முதல் 6 மாதங்களில் உடல் எடையில் 15 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 60 கிலோவில் 9 கிலோவுக்கு மேல், இழந்தவர். தொடக்கத்திலேயே மிக மெலிந்தவர். நெடுநாள் மது அருந்தியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், நீர் பிரியும் மாத்திரை உண்பவர் ஆகியோருக்கு 5 நாள் பட்டினியே போதும், கவலைப்பட. எடை குறைப்புக்காகப் பட்டினி கிடந்தவர் பார்வைக்குப் பருமனாகவே இருக்கலாம். 'இவருக்கென்ன குறை' என்று ஏமாந்துவிடக் கூடாது. உணவுக்குழாய் அடைப்பாலோ மனச்சோர்வாலோ வாரக்கணக்கில் உண்ணாத முதியவரும் இதே வரிசையில் நிற்பவரே.

இவர்கள் வீட்டில் பாரணை செய்யலாகாது. மருத்துவமனைக்கு வந்து, இரத்தத்தில் தாது உப்புகளை அளந்து, குறைவைச் சரிசெய்துகொண்டே உணவைத் தொடங்கவேண்டும். முதல் நாள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 20 கிலோ கலோரியே கொடுக்கப்படும். 50 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு அது 500 முதல் 1000 வரை. மிக மோசமான நிலையில் இன்னும் குறைவு. பிறகு 4 முதல் 7 நாட்களில் படிப்படியாக முழு அளவை எட்டுவர். 'பசி பசி என்கிறாள், அரைத் தம்ளர் கஞ்சி கொடுக்கிறீர்களே' என்று தாயார் கண்கலங்குவதை வார்டில் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த அரைத் தம்ளர் கருமித்தனமன்று, அம்மா. அதுவே மருந்தின் அளவு.

ஆபத்து குறைந்தோர், அதாவது சில வாரங்கள் குறைத்து உண்டு, வேறு நோயின்றி இருப்பவர்கள், மருத்துவரைக் கலந்தபின் வீட்டிலேயே மெல்லத் திரும்பலாம். முதல் சில நாட்கள் சிறிது சிறிதாக, இரண்டரை மூன்று மணிக்கு ஒருமுறை உண்பது நன்று. புழுங்கலரிசிக் கஞ்சியில் மோர் கலந்து பருகலாம். புழுங்கலரிசியில் தீட்டிய பச்சரிசியைவிடத் தயமின் கூடுதலாக எஞ்சியிருக்கிறது. பாலும் தயிரும் பாஸ்பேட் மிகுந்தவை. பாசிப்பருப்பு குழைய வெந்தது, இட்லி, வெந்த காய், முட்டை உண்பவராயின் ஒரு முட்டை ஆகியவை அடுத்து வரலாம். காந்தி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பூவன் பழம் பொட்டாசியத்துக்கு நல்லது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் பழமோ இளநீரோ தொடவேண்டா. பழச்சாறு, பானகம், பாயசம், சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை வெறும் வயிற்றில் நிறையப் பருகுவதைத் தவிர்க்கவும். பொரித்ததும் விருந்தும் இரண்டாம் வாரத்துக்குப் பின்னர் ஆகட்டும்.

துவாதசி இலையின் கீரையும் நெல்லியும் தாதுக்களும் வைட்டமின் சியும் தருகின்றன என்பது உண்மையே. அதற்காக நம் முன்னோர் பாஸ்பேட்டை அறிந்திருந்தனர் என்று உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஒரு நாள் நோன்புக்கு ஏற்ற இலை அது. 28 நாளுக்கு அதுவே போதாது.

பட்டினி முடிந்த முதல் வாரத்தில் எடைக்கருவி ஒன்றரை அல்லது இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். பலர் இதைக் கண்டு மனமுடைந்து மீண்டும் பட்டினிக்குத் திரும்புகின்றனர். அது கொழுப்பன்று. உடல் மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் சர்க்கரையோடும் ஏறக்குறைய 3 கிராம் நீர் தங்குகிறது. குடலில் உணவின் எடையும் சேர்கிறது. ஆனால் அதோடு பாதத்தில் விரல் அழுந்தும் வீக்கம், மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, கைகால் மரத்துப்போதல், குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். எத்தனை நாள் உண்ணவில்லை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்.

பசியைப் பற்றியும் ஒரு சொல். 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், விருப்பத்தோடு முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். உணவு தாராளமாகக் கிடைத்த பின்னரும், வயிறு நிரம்பியும் பசி அடங்காது பல வாரங்கள் தவித்தனர். ஆகவே பட்டினியிலிருந்து மீளும் உங்கள் மகளோ கணவரோ ஓயாது உணவையே நினைப்பது ஒழுக்கக்குறைவன்று. உடல் தன் இழப்பைக் கணக்குப் பார்க்கிறது. 'இளைத்துத் துரும்பாகிவிட்டாயே' என்று அத்தையும், 'மறுபடி ஊதிவிடுவாய்' என்று சித்தப்பாவும் சொல்லாதிருந்தால் பேருதவி. உண்டபின் ஒளிந்து வாந்தி எடுப்பதோ, மெலிந்தும் தம்மைப் பருமன் என்று நம்புவதோ தெரிந்தால், உணவியல் வல்லுநரோடு மனநல மருத்துவரையும் காண்பது அவசியம்.

நீரிழிவுக்காரருக்கு இறுதியாகச் சொல்லவேண்டியவை சில. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், 3 முதல் 5 மாதம் நாளொன்றுக்கு 825 முதல் 853 கிலோ கலோரி மட்டும் உண்ட இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுள் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மாத்திரையின்றிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தனர். இதைச் செய்தித்தாளில் படித்துவிட்டுத் தாமே தொடங்குவோர் உண்டு. அந்த ஆய்வில் முதல் நாளே மாத்திரைகளை மருத்துவர் நிறுத்தினார் என்பதும், வழக்கமான உணவுக்குத் திரும்பவே 2 முதல் 8 வாரம் எடுத்துக்கொண்டனர் என்பதும் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பட்டினியின்போது பழைய அளவில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளை உண்டுகொண்டே பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சரியாகத் தோன்றும்போதே இரத்தத்தில் அமிலம் சேரலாம். உணவு திரும்பும்போது மாறாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மீண்டும் ஏறும். நிறுத்திய மருந்தை எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதற்கு வாரந்தோறும் அளவு பார்க்கவேண்டியிருக்கும்.

ஏகாதசி நோன்போ சமயபுரத்து விரதமோ மேற்கொள்ள எண்ணும் நீரிழிவு நோயாளிகள், இரண்டு வாரம் முன்னதாகவே தம் மருந்துச் சீட்டுகளோடு வருவாராயின், விரத நாட்களுக்கும் அதன் பின்வரும் நாட்களுக்குமான மருந்தளவை மருத்துவர் தனித்தனியாக எழுதித் தருவார்.