ஜாதகம் வேண்டாம்... மாடிப்படி ஏறுங்க!

"சோறு நெஞ்சுலயே நிக்குதுடா" என்று ஆலங்குடிச் சித்தப்பா சொன்னபோது நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. "வாயுக்கோளாறு" என்று சித்தி பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். ரெண்டே மாசம். கஞ்சி மட்டும்தான் இறங்கியது. எண்டோஸ்கோப்பி செய்தால்... உணவுக்குழாயில் புற்றுநோய்!

"ஆபரேஷன் பண்ணா பிழைப்பாரா?" சித்தி ஜாதகத்தோடு ஜோசியரிடம் ஓடினாள். "குரு பார்வை இருக்கு. நூற்றுக்கு நூறு!" என்றார் அவர்.

புதுக்கோட்டை டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்யிற இடமாப் பார்த்துப் போங்க" என்றார். காரணம் இருக்கிறது. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இதை அபூர்வமாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்குச் சுமார் 20 பேர் இறந்தார்கள். நிறையச் செய்யும் இடங்களில் சுமார் 8 பேர்தான்! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954-ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எங்க புதுக்கோட்டையில் பிறந்தவர்தான். நாங்களும் சென்னைக்கு பஸ் ஏறினோம்.

ஒரு சாண் வயிற்றுக்குச் சோறு போக, ஒரு சாணுக்குச் சற்று மேலே, 25 சென்டிமீட்டர் குழாய். அதில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய் மாதிரி மேலே இழுத்துத் தைக்கிறார்கள். தைத்த இடம் கசியலாம். சுமார் பத்தில் ஒருவருக்குக் கசிகிறது. நிமோனியா வரலாம். இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். குரல் கம்மலாம்.

யாருக்கு வரும்? சர்ஜன் கேட்க ஆரம்பித்தார்.

"ஐயா, நிக்காம ரெண்டு மாடி ஏறுவீங்களா?"

"ஒரு மாடிக்கே இளைக்குதுங்க."

"பீடி?"

"நாலு கட்டு..."

"எடை?"

"ஒம்பது கிலோ குறைஞ்சிருச்சு" என்றாள் சித்தி.

சர்க்கரை, இதயம், நுரையீரல் பரிசோதனை, ரத்தத்தில் அல்புமின் புரதம் என்று எல்லாம் பார்த்தார்கள். "ரிஸ்க் ஜாஸ்திதான்" என்றார். சித்தி அழுதுவிட்டாள்.

"ஏம்மா அழறீங்க? இதுல வயசைத்தான் மாத்த முடியாது. மத்ததை மாத்தலாமே!"

பி.காம். படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தக் கடன் வராமல் போகும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே ஒதுக்கி வைப்போமே, அதே கதை! ஜோசியம் நடக்கப் போவதைச் சொல்கிறது. இந்தக் கணக்கு, நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்கிறது.

முதலில் கீமோவும் ரேடியேஷனும். அந்த வாரங்களையே தயாரிப்புக் காலம் ஆக்கினார்கள். பீடிக்குத் தடா, நாலு வாரமாவது விட்டால்தான் சளி கட்டுவது குறையுமாம். மூக்கு வழியாக ட்யூப் போட்டுச் சத்துணவு. தினம் நடை. மூணு பந்து வைத்த மூச்சுக் கருவி வேறு. சித்தப்பா ஊதினார்.

"ஊதாதீங்க தாத்தா, உள்ள இழுங்க" என்றார் நர்ஸ்.

நாற்பது வருஷம் பீடி இழுத்தவருக்குச் சொல்லியா தரணும்? பந்து மூன்றும் எகிறின!

ஆபரேஷன் முடிந்த மூணாம் நாள் சளியும் ஜுரமும் வந்தன. கணக்கு போட்டால் ஆபத்து வராது என்று அர்த்தமில்லையே! ஆனால் எதிர்பார்த்துக் காத்திருந்ததால் உடனே பிடித்துவிட்டார்கள். தையல் கசியவில்லை. எட்டாம் நாள் ஒரு ஸ்பூன் தண்ணீர் விழுங்கிவிட்டுச் சித்தப்பா சொன்னார்: "இறங்கிருச்சுடா!"

சோறு சிக்கினால் பெருங்காயத்தை நம்பாமல் டாக்டரைப் பாருங்கள். நாளைக்கு ஆபீஸில் லிஃப்டை விட்டுவிட்டு ரெண்டு மாடி ஏறியும் பாருங்கள். நான் ஏறினேன்... எத்தனை தடவை நின்றேன் என்று மட்டும் கேட்காதீர்கள்!