மோப்ப நாய் யாரைப் பார்க்கிறது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு தேவாலயம். அதில் நாலு அறைகள். போலீஸ் மோப்ப நாய் ஒன்று உள்ளே நுழைந்தது. அதை நடத்திச் செல்லும் அதிகாரியும் கூடவே போனார்.

அறைகளில் போதைப்பொருள் இருக்கிறதா? வெடிமருந்து இருக்கிறதா? கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் சோதனை.

"சில இடங்களில் சரக்கை ஒளித்து வைத்திருக்கிறோம். சிவப்புக் காகிதம் இருந்தால் அதுவே அடையாளம்" என்று அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

இப்படி 18 நாய்கள் சோதிக்கப்பட்டன. எல்லாமாகச் சேர்ந்து 144 தடவை அறைகளில் தேடின. "இதோ, நாய் கண்டுபிடித்து விட்டது!" என்று அதிகாரிகள் 225 தடவை சொன்னார்கள். "ஒன்றும் இல்லை" என்ற பதில் 21 தேடுதலில்தான் வந்தது.

உண்மை என்ன தெரியுமா? அந்த நாலு அறைகளிலும் போதைப்பொருளும் இல்லை. வெடிமருந்தும் இல்லை!

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் பிரிவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சோதனையை நடத்தினார்கள். 2011-ல் முடிவை வெளியிட்டார்கள்.

தப்பு யாருடையது?

நாயின் மூக்கை ஏமாற்றுவதற்காக மணக்கும் இறைச்சியும் பந்தும் சில இடங்களில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அந்த இடங்களைவிட, சிவப்புக் காகிதம் இருந்த இடங்களைத்தான் "இங்கே இருக்கிறது" என்று அதிகம் சொன்னார்கள்.

காகிதத்துக்குப் பொருள் உண்டு என்று நாய்க்கு யாரும் சொல்லவில்லை. மனிதருக்குத்தான் சொன்னார்கள். ஒன்று, நாய் காட்டாததைக் காட்டியதாக அதிகாரி நினைத்திருக்க வேண்டும். அல்லது, அதிகாரியின் முகத்தையும் நடையையும் பார்த்து நாய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாய் அப்படிச் செய்யுமா? ஒரு குதிரையே செய்திருக்கிறது!

கணக்குப் போட்ட குதிரை

1904-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை பெரும் புகழ் பெற்றது. "மூன்றும் இரண்டும் எத்தனை?" என்று கேட்டால் குளம்பால் ஐந்து முறை தட்டும். மக்கள் வியந்து போனார்கள். அறிஞர்கள் கூடி ஆராய்ந்தார்கள். மோசடி எதுவும் தென்படவில்லை.

ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் விடாமல் சோதித்து உண்மையைக் கண்டுபிடித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மிக லேசாக அசையும். அவருக்கே அது தெரியாது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தி விடும். 1907-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

குதிரை கணக்குப் படிக்கவில்லை. மனிதரைப் படித்தது.

பை எங்கே, கண் அங்கே

மோப்ப நாய்க்குச் சம்பளம் கிடையாது. சரக்கைக் கண்டுபிடித்தால் ஒரு பந்து கிடைக்கும். அல்லது ஒரு துண்டுத் தீனி. அதற்காகவே அது உயிரைக் கொடுத்து உழைக்கிறது.

பந்து எங்கே இருக்கிறது? அதிகாரியின் பையில். ஆகவே நாயின் கண் பையை விட்டு அகலுவதில்லை. "எப்போது இவர் கை பைக்குள் போகிறது?" என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. மூக்குக்கு வேலை குறைகிறது. கண்ணுக்கு வேலை கூடுகிறது.

இதற்குப் பயிற்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பரிசு மனிதர் கையிலிருந்து வரக்கூடாது. வாசனை இருக்கும் இடத்திலேயே வர வேண்டும்!

நாய் சரியான இடத்தில் மூக்கை வைத்து நிற்கிறது. பின்னால் நிற்பவர், நாய் பார்க்காதபடி அதன் தலைக்கு மேலாகப் பந்தை வீசுகிறார். பந்து வாசனை இருக்கும் இடத்தில் விழுகிறது. அந்த இடமே பந்தைக் கொடுத்தது போல நாய்க்குத் தோன்றுகிறது. பிறகு அது ஏன் மனிதரைத் திரும்பிப் பார்க்கப் போகிறது?

ஒரு நொடிப் பிசகு

இன்னொரு சங்கடமும் உண்டு. நாய் முப்பது அடி தூரத்தில் சரியாக உட்காருகிறது. மனிதர் ஓடிப்போய்த் தீனி கொடுப்பதற்குள் அது எழுந்து விடுகிறது, குரைக்கிறது. தீனி எதற்கு? உட்கார்ந்ததற்கா, குரைத்ததற்கா? குழந்தையிடம் சொல்லி விளக்கலாம். நாயிடம் முடியாது.

இதற்கு ஒரு சத்தம் உதவுகிறது. சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்தத்தை வழக்கமாகக் கேட்ட நாய், அந்தச் சத்தத்துக்கே எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் காட்டினார். அமெரிக்கப் பேராசிரியர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரிலண்டும் அவர் மனைவி மேரியனும் 1943-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நாய், கோழி, பன்றி எல்லாவற்றையும் அடியில்லாமல் பழக்கினார்கள். அமுக்கினால் 'டிக்' என்று ஒலிக்கும் சின்ன விளையாட்டுச் சாமானே நாய் பழக்கப் போதும் என்று 1951-ல் ஸ்கின்னர் எழுதினார். 'டிக்' என்றால், "நீ இப்போது செய்தது சரி. தீனி வருகிறது" என்று பொருள்!

ஒரே பொத்தான், இரண்டு குணம்

பிறகு ரிமோட் வந்தது. சோஃபியா யின் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒரு தீனிப் பெட்டியைக் கொண்டு நாய்களைப் பழக்கினார். தூரத்தில் இருந்து பொத்தானை அமுக்கினால் பெட்டி ஒலி எழுப்பும், தீனியைத் தள்ளும். வாசல் மணி அடித்தால் பாய்ந்து குரைக்கும் நாய்கள், விரிப்பில் போய்ப் பேசாமல் படுக்கப் பழகின. 2008-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

இதே ரிமோட் பொத்தானைக் கொண்டு நாயின் கழுத்தில் மின்சார அதிர்ச்சி கொடுப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 வீட்டு நாய்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தீனி கொடுத்துப் பழக்குவதைவிட அதிர்ச்சியால் பலன் கூடவில்லை. நாய்களின் கலக்கம்தான் கூடியது. இது 2014-ல் வெளியான முடிவு. வேல்ஸ் நாட்டில் அதிர்ச்சிப் பட்டைக்கு 2010-லேயே தடை போட்டு விட்டார்கள்.

யாருக்குத் தெரியக்கூடாது?

பரிசிலும் ஆபத்து உண்டு. தப்பான இடத்தில் நின்ற நாய்க்குப் பந்து கொடுத்தால், அது தப்பையே பாடமாகப் படித்துக்கொள்ளும்.

ஆகவே நல்ல பயிற்சியில் சரக்கை மூன்றாம் ஆள் ஒளித்து வைப்பார். எங்கே என்று நாய்க்கும் தெரியாது. நடத்திச் செல்லும் அதிகாரிக்கும் தெரியாது. ஒளித்தவர் மறைவில் நின்று பார்ப்பார். நாய் சரியான இடத்தில் நின்றால் ரிமோட்டை அமுக்குவார். அதிகாரி முகத்தில் படிப்பதற்கு எதுவுமே இல்லை. நாய்க்கு மூக்குதான் கதி!

இது விளையாட்டுக் காரியம் அல்ல. நாய் ஒரு பெட்டியின் அருகே உட்கார்ந்தால், அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் பிடிபடுகிறார். அவர் நிரபராதியாகவும் இருக்கலாம். கண்ணிவெடி புதைந்த நிலத்தில் "இங்கே இல்லை" என்று நாய் கடந்து போனால், நாளை அங்கே ஒரு விவசாயி கால் வைப்பார்.

நாய் மனிதரைத் திருப்திப்படுத்தத் துடிக்கும் பிராணி. அது அதன் பெருமை. ஆனால் மோப்ப வேலையில் அது மனிதரைத் திருப்திப்படுத்தினால் போதாது. உண்மையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைப்பது அடியல்ல. சரியான நொடியில், சரியான இடத்தில் விழும் ஒரு பந்து.