எண்ணப்படுகிறோம்; எண்ணும் இடத்தில் இருக்கிறோமா?

2015-16ஆம் ஆண்டின் நான்காவது தேசிய குடும்பநல ஆய்வு அறிக்கையில் ஓர் அட்டவணை உண்டு. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறக்கின்றன என்று அது சொல்கிறது. இந்திய அளவில் பட்டியல் சாதியினரிடையே 45. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவுகளில் வராத மற்றவர்களிடையே 32. ஆயிரத்துக்கு 13 குழந்தைகள் வித்தியாசம்.

கூட்டங்களில் இந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து, “இது சாதியால் வந்ததா, வறுமையால் வந்ததா?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆவேசமாகப் பேசி அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் துறைக்கு உயிரிப்புள்ளியியல் என்று பெயர். ஆங்கிலத்தில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்பார்கள். நோய், பிறப்பு, இறப்பு, மருந்து, ஊட்டச்சத்து ஆகியவற்றைப் பற்றிய தகவல்களைத் திரட்டி, அவற்றிலிருந்து எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துக் காட்டும் படிப்பு அது. நம் பிள்ளைகள் அதிகம் எட்டிப் பார்க்காத இந்தப் படிப்பில், முனைவர் பட்டம் வரை அவர்கள் போக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சேத்துப்பட்டு சொன்ன பாடம்

காசநோய் வந்தவரை ஊரைவிட்டு விலக்கி, சானடோரியத்தில் வைத்து, சத்தான உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அவர் வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கே தொற்றும் என்றும் அஞ்சினார்கள். ஏழைகள் நிறைந்த நாட்டில் அத்தனை பேருக்கும் சானடோரியம் கட்ட முடியுமா? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது.

சென்னையின் நெரிசலான ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில் சிகிச்சை பெறுவது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் செல்வாக்கோ தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து. ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் பெரும்பாலோர் தேறியிருந்தனர். குறைந்த உணவோடும் குறைந்த ஓய்வோடும் வீட்டில் இருந்தவர்கள், சொல்லத்தக்க அளவு பின்தங்கிவிடவில்லை. அவர்களுடைய வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையின் போக்கை மாற்றியது. மருந்து வேலை செய்தது என்பது பாதிக் கதை. நோயாளியை விலக்கி வைக்கத் தேவையில்லை என்று உலகமே ஏற்கும்படி நிரூபித்தது, சரியாகத் திட்டமிட்ட கணக்கு. விலக்கி வைப்பதன் வலி தெரிந்த நமக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

எதைக் கழிப்பது, எதைக் கேட்பது?

முதலில் சொன்ன 13 குழந்தைகளுக்கு வருவோம். சாதியா, வறுமையா என்று அறிய ஆய்வாளர் என்ன செய்வார்? ஒரே அளவு வசதி, ஒரே அளவு படிப்பு உள்ள தாய்மார்களை ஒப்பிடுவார். அப்போதும் சாதிக்கேற்ப வித்தியாசம் இருந்தால், வறுமை என்ற ஒரே காரணத்துக்குள் அதை அடக்க முடியாது. வித்தியாசம் மறைந்துவிட்டால், ‘சாதிக்கு இதில் பங்கில்லை’ என்று ஒருவர் எழுதிவிடக்கூடும். ஆனால், அந்தத் தாய்க்கு நிலமும் படிப்பும் இல்லாமல் போனது எதனால்? சாதி உண்டாக்கிய வறுமையைக் கழித்துவிட்டுச் சாதியின் பங்கைத் தேடினால் அது குறைவாகத்தான் தெரியும். எதைக் கழிப்பது, எதைக் கழிக்கக் கூடாது என்பதை ஆய்வாளர்தான் முடிவெடுக்கிறார். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதனால்தான் முக்கியம்.

கேள்வித்தாளும் அப்படித்தான். கிராம சுகாதாரச் செவிலியர் காலனிக்கு வந்தாரா, வந்தவர் வீட்டுக்குள் நுழைந்தாரா, தெருவில் நின்றபடியே பேசிவிட்டுப் போனாரா என்று கேட்டால்தான் பதில் அட்டவணையில் வரும். தமிழகப் பட்டியல் சாதிகள் 76. குடும்பநல ஆய்வு அறிக்கையின் அட்டவணைகளில் அத்தனை பேரும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறார்கள். அருந்ததியர் குழந்தைகளின் நிலை என்ன, புதிரை வண்ணார் குழந்தைகளின் நிலை என்ன என்று அந்த வரி சொல்லாது. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர்களின் எண்ணிக்கை கிடைத்தாலும், இறக்கப்பட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாமல் அந்த வேலையின் ஆபத்தை அளக்க முடியாது. ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் தொழிலாளியின் பெயரோ பல நேரங்களில் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குரிய கேள்வி.

பாதை எங்கே தொடங்குகிறது?

பிளஸ் 1 வகுப்பில். கணிதம் உள்ள பிரிவை எடுத்தால்தான் பி.எஸ்சி. புள்ளியியலுக்கோ பி.எஸ்சி. கணிதத்துக்கோ வழி எளிதாகத் திறக்கும். “கணக்கு உனக்கு வராது” என்று யாராவது சொன்னால் அதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்து எம்.எஸ்சி. சென்னைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் புள்ளியியல் துறைகள் உள்ளன. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் உயிரிப்புள்ளியியலுக்கென்றே துறை உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டத்தில் சேர முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் வரை அவகாசமும் 240 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. திருமணம் என்ற பேச்சு வந்ததும் மகளின் படிப்பை நிறுத்தும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெட் தேர்வு எழுத விரும்புவோர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் கணித அறிவியல் தாளுக்குத் தயாராகலாம். புள்ளியியல் அதில் ஒரு பகுதி. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ.37,000, முதல் 2 ஆண்டுகளுக்குப் பின் ரூ.42,000. இதற்கும் நெட் தேர்வே வாசல். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கு இந்த மத்திய உதவி கிடையாது. ஆனால், தமிழக அரசின் முழுநேர முனைவர் பட்ட ஊக்கத்தொகைக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆய்வுக்குத் தேவையான ‘ஆர்’ மென்பொருள் இலவசம். படிப்பு முடித்தால் வேலை? மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகள், ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்கள், மருந்துப் பரிசோதனை நிறுவனங்கள் என எல்லா இடத்திலும் புள்ளியியலாளர் தேவை.

தடைகளும் தெரிந்திருக்கட்டும்

சேர்வதோடு எல்லாம் முடிந்துவிடாது. 2008இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் படிக்கச் சென்ற சேலம் மாவட்டத்து மாணவர் செந்தில்குமார் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு ஆய்வு வழிகாட்டியே ஒதுக்கப்படாமல் இருந்தது. 2016இல் அதே வளாகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். அவருக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தது.

ஆகவே, சேரும் முன்பே வழிகாட்டியைப் பற்றி மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள். ஆய்வுக் குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுத்தில் வாங்கி வையுங்கள். உதவித்தொகை தாமதமானால் நாளைக் குறித்து மனு கொடுங்கள். அவமானப்படுத்தப்பட்டால் தனியறையில் அடைந்துகிடக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவிடமும் ஊரில் உள்ள இயக்கத் தோழர்களிடமும் சொல்லுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் மாகாண நிதி. வரவு செலவுப் பட்டியல்களோடு மல்லுக்கட்டி எழுதிய நூல் அது. அவருடைய சிலைக்கு மாலை போடும் நம் தெருக்களில், எண்களைக் கண்டு அஞ்சாத அந்த அம்பேத்கரைப் பற்றியும் பேச வேண்டும். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிக்கும் உங்கள் தெருப் பிள்ளைகளில், கணக்கில் ஆர்வமுள்ள ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். பிளஸ் 1 சேர்க்கைக்கு முன் அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள்.