குடிபெயர்வும் பள்ளிக் கல்வியும்: சுவா சூ காங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

குறைந்த வருமானக் குடும்பம் ஒன்று வறுமை செறிந்த வட்டாரத்தை விட்டு வேறொரு வட்டாரத்திற்குக் குடிபெயர்ந்தால் அக்குடும்பத்துப் பிள்ளைகளின் வாழ்வு உயருமா என்னும் வினா நகரியல் ஆய்வாளர்களால் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘வாய்ப்பை நோக்கி நகர்தல்’ என்னும் திட்டம் இவ்வினாவைச் சோதனை முறையில் ஆராய முற்பட்டது. பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 4,600 குடும்பங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பிரிவினருக்கு, வறுமை குறைந்த வட்டாரங்களில் மட்டுமே பயன்படுத்தத்தக்க வாடகை உதவிச் சீட்டு வழங்கப்பட்டது. தொடக்க கால மதிப்பீடுகள் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க உயர்வு எதனையும் காணவில்லை. ஆயினும் ராஜ் செட்டி, நதானியேல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, 13 வயதுக்கு முன்னர்ச் சீட்டைப் பயன்படுத்திக் குடிபெயர்ந்தோர் தம் இருபதுகளின் நடுப்பகுதியில், ஒப்பீட்டுப் பிரிவினரைவிட ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதல் வருவாய் ஈட்டினர் என்று காட்டியது. அவ்வயதைக் கடந்தபின் பெயர்ந்தோர்க்கு அந்நன்மை கிட்டவில்லை.

சிங்கப்பூரில் நிகழ்ந்த குடிபெயர்வு இதனினும் வேறானது. அங்கே சில ஆயிரம் குடும்பங்கள் தாமே முன்வந்து விண்ணப்பித்துப் பெயரவில்லை; கம்பங்களிலும் கடைவீடுகளிலும் வாழ்ந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். வீடும் பள்ளியும் உடன்வந்த இப்பெயர்வில் தமிழ்ப் படிப்பு மட்டும் உடன்வரவில்லை என்பதும், அதனைப் பின்னர்த் தனியே கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சுவா சூ காங் புதுநகர்

‘காங்’ என்பது ஆற்றங்கரையையும் ‘சூ’ என்பது அதன் தலைவரையும் குறிக்கும் சீனச் சொற்கள். ‘சுவா’ என்பது குலப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனக் குடியேறிகள் விட்டுச்சென்ற பெயர் இது. பின்னர்க் காய்கறித் தோட்டங்களும் கோழி, பன்றிப் பண்ணைகளும் நிறைந்திருந்த இப்பகுதியை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதுநகராக்கியது. 1990 மார்ச்சில் பெருவிரைவு ரயிலும் 1999 நவம்பரில் இலகு ரயிலும் இங்கு வந்தன. தமிழர் முன்னர்ச் செறிந்து வாழ்ந்த சிராங்கூன் சாலை, தஞ்சோங் பகார், செம்பவாங் கடற்படைத் தளம் ஆகிய மூன்றுக்கும் அப்பாற்பட்ட வட்டாரம் இது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

புதுநகர் அமைப்பில் தொடக்கப்பள்ளியும் உயர்நிலைப்பள்ளியும் அடுக்குமாடிகளுடனேயே திட்டமிடப்பட்டன. ஆசிரியரைப் பயிற்றுவித்துப் பணியமர்த்துவது கல்வி அமைச்சு. ஆகவே ஒரு வட்டாரத்தின் வறுமை அவ்வட்டாரப் பள்ளியின் வறுமையாக மாறுவதற்கு இடம் குறைவு. இதன் அருமை சென்னையோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் வீடுகள் முதலில் எழுந்தன. பள்ளி, பேருந்து, மருத்துவ வசதிகள் பின்தங்கியே வந்தன. 2015 வெள்ளத்திற்குப்பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவிலேயே பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. பெயர்வு ஒன்றே; பள்ளி உடன்வருவதும் வராததுமே வேறுபாடு.

இன விகிதமும் தமிழ் வகுப்பும்

பழைய தமிழ்க் குடியிருப்புகள் வசதியில் குறைந்தவையே எனினும், தமக்கெனப் பள்ளிகளைக் கொண்டிருந்தன. தஞ்சோங் பகார் பகுதியில் வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம்களின் முயற்சியால் 1946இல் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி அதற்குச் சிறந்த சான்றாகும். துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள் நடந்தே சென்று பயின்ற பள்ளி, பின்னர் உயர்நிலைப்பள்ளியாகவும் வளர்ந்தது, 1982இல் மூடப்பட்டது.

1989 மார்ச் முதல் நாள் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்து இதனை அறிவித்தவர் சு. தனபாலன் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு வட்டாரத்தில் இந்தியரும் பிறரும் 10 விழுக்காட்டையும், ஓர் அடுக்குமாடியில் 13 விழுக்காட்டையும் மிகலாகாது என வரையறுக்கப்பட்டது. 2010இல் இவை முறையே 12, 15 என உயர்த்தப்பட்டன. இனத்தால் பிரிந்த சேரிகள் உருவாவதை இக்கொள்கை தடுத்தது என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் இவ்விகிதம் வகுப்பறையில் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஒரு தொடக்கப்பள்ளியின் ஒரு நிலையில் 240 மாணவர் பயில்வதாகக் கொள்வோம். அவர்களில் 9 விழுக்காட்டினர் இந்தியர் எனின் ஏறத்தாழ 22 பேர். இந்தியருள் தமிழர் பாதிக்குச் சற்று மேல். பிறர் இந்தி, பஞ்சாபி, வங்காளம், உருது, குஜராத்தி முதலியவற்றைத் தாய்மொழிப் பாடமாகப் பயிலலாம். எனவே தமிழ் வகுப்பில் எஞ்சுவோர் 12 பேர் அளவினரே. நன்கு பயில்வோர்க்கும் இடர்ப்படுவோர்க்கும் தனித்தனி வகுப்பு அமைக்க இவ்வெண்ணிக்கை போதாது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையும், தமிழன்றி வேறு மொழி பேசாத பாட்டியிடம் வளரும் பிள்ளையும் ஒரே மேசையில் அமர்கின்றனர். வசதியுள்ள குடும்பம் தனிப்பயிற்சியால் இக்குறையை ஈடுசெய்யும். வசதியற்ற குடும்பத்திற்கு அந்த வழி இல்லை.

தமிழ் கற்பிக்கப்படாத உயர்நிலைப்பள்ளிகளின் மாணவர்க்கு மொழி நிலையங்கள் துணைநின்றன. மூடப்பட்ட பள்ளியின் பெயரையே தாங்கிய உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் இயங்கிற்று. சுவா சூ காங்கிலிருந்து செல்லும் மாணவன் பள்ளி முடிந்தபின் தீவின் வடமேற்கிலிருந்து நகரின் நடுப்பகுதி வரை பயணம் செய்ய வேண்டும். புக்கிட் பாஞ்சாங்கையும் லிட்டில் இந்தியாவையும் நேரே இணைக்கும் ரயில் 2015 டிசம்பரில்தான் வந்தது. முன்னாளில் ஐந்து நிமிட நடையில் இருந்த தமிழ் வகுப்பு, இவ்வாறு ஒரு மணி நேரப் பயணமாயிற்று.

இனி, தமிழ்ப்பள்ளிகளின் மறைவுக்கு இன விகிதமே காரணம் என்று சிலர் கூறுவது பொருந்தாது. கடைசித் தமிழ்ப்பள்ளி மூடப்பட்டு ஏழாண்டுகள் கழிந்த பின்னரே அக்கொள்கை வந்தது. ஆங்கிலக் கல்வியே வேலை தரும் என்று கண்ட பெற்றோர் முன்னரே தம் தெரிவைச் செய்துவிட்டனர். சிதறிய குடியிருப்பு அத்தெரிவை மீளமுடியாததாக்கியது எனலாம். 1991இல் தோன்றிய சிண்டா அமைப்பு, ஓரிடத்தில் கூடி வாழாத சமூகத்திற்குத் துணைப்பாட வகுப்புகளைத் தீவெங்கும் பல நிலையங்களில் நடத்த வேண்டியிருந்ததும் இச்சிதறலின் விளைவே.

வாடகை வீட்டுப் பிள்ளைகள்

வீடு வாங்கியோரைப் பற்றியதே இதுவரை கூறியது. கழகத்தின் வாடகை வீடுகளில் வாழும் குடும்பங்களின் நிலை வேறு. ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் நெடுங்காலம் தனி அடுக்குமாடிகளாகவே கட்டப்பட்டன. ஆகவே இனக் கலப்பு இருந்த இடத்திலும் வருமானக் கலப்பு இல்லாதிருந்தது. மார்சிலிங் கிரீன்வியூவில் வாடகை வீடுகளையும் விற்பனை வீடுகளையும் ஒரே அடுக்குமாடியில் அமைத்தது இதனை மாற்றும் முயற்சி. 2016இல் தொடங்கிய ‘புதிய தொடக்கம்’ வீடமைப்புத் திட்டம், முன்பு வீடு வாங்கி விற்றுப் பின்னர் வாடகைக்கு வந்த குடும்பங்கள் மீண்டும் சிறு வீடொன்றை வாங்க உதவியது. பெற்றோர் வேலையில் நிலைத்திருப்பதும் பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்வதும் அதன் எதிர்பார்ப்புகள். வீட்டுக்கொள்கை பள்ளி வருகையை இவ்வளவு வெளிப்படையாகத் தன்னுடன் பிணைத்தது புதுமையே.

இங்கேதான் அமெரிக்க ஆய்வு கூறும் வயது முக்கியத்துவம் பெறுகிறது. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டிற்கு மாறும்போது பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் இருப்பதும் உயர்நிலை மூன்றில் இருப்பதும் ஒன்றல்ல. புதிய வீடு கட்டிமுடியச் சில ஆண்டுகள் ஆகும். விண்ணப்பித்தபோது பாலர்பள்ளியில் இருந்த பிள்ளை, சாவி கைக்கு வரும்போது தொடக்கப்பள்ளி மாணவனாகியிருப்பான். தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்வோர்க்கு முன்னுரிமை உண்டு. அம்முன்னுரிமையைப் பெற்றோர் அம்முகவரியில் குறைந்தது 30 மாதங்கள் வாழ வேண்டும் என்பது விதி. பெயர் பெற்ற பள்ளியருகே தற்காலிகமாகக் குடியேறும் வசதி படைத்தோரைத் தடுப்பதற்குரிய விதியாக இது தோன்றினும், உறவினர் வீடு, தற்காலிக வாடகை வீடு, புதிய வீடு என்று அடிக்கடி முகவரி மாறும் குடும்பத்தையே இது கூடுதலாக நெருக்குகிறது. அத்தகைய குடும்பத்தின் பிள்ளைக்கு, வீடு மாறினும் பள்ளியையும் தமிழாசிரியரையும் மாற்றாதிருக்கப் போக்குவரத்துச் செலவை ஏற்பது, புதிய வீட்டுக்கான மானியத்தோடு ஒப்பிடுகையில் மிகச் சிறு தொகையே.