அளவறிந்து பொருத்துதல்

மிதிவண்டிகளுள் சில நேரான கைப்பிடித் தண்டு உடையன. பந்தய வண்டிகளோ ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்த தண்டு உடையன. நேர்தண்டிற்குரிய கியர் மாற்றும் விசையை வளைதண்டில் வீட்டிலேயே பொருத்த விரும்புவோர் முதலில் அளவை நோக்குதல் வேண்டும். விசை அமரும் இடத்தில் நேர்தண்டின் விட்டம் பொதுவாக 22.2 மில்லிமீட்டர், வளைதண்டின் விட்டம் 23.8 மில்லிமீட்டர். வேறுபாடு 1.6 மில்லிமீட்டரே, ஆயினும் விசையின் வளையம் அதன்மேல் ஏறாது.

வளையத்தை வலிந்து விரித்தால் அது விரிசல் காணும். தண்டை அரத்தால் தேய்த்தலோ அதனினும் தீது. மெல்லிய உலோகக் குழாய் வலுவிழந்து, ஓடும்பொழுது முறிந்து, ஊர்வோரை வீழ்த்தக்கூடும். ஆதலின், 22.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குறுந்தண்டு ஒன்றைக் கைப்பிடியின் நடுப்பகுதியில் கவ்விகொண்டு இறுக்கி, அதில் விசையை அமைத்தலே தக்க வழியாகும். பின்னர்க் கைப்பிடியை இருபுறமும் முழுதும் திருப்பி, கியர்க் கம்பி இழுபடாமையைக் கண்டபின்னரே வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.