படக்கதைகளோடு ஓராண்டு



சென்ற ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு தகரப் பெட்டி வந்து சேர்ந்தது. லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு சிரம்பானுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தார் அதனைப் பள்ளி வாசலில் இறக்கி வைத்துச் சென்றனர். திறந்து பார்த்தோம். மேலே பழைய அம்புலிமாமா இதழ்கள். அவற்றின் கீழே முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், இந்திரஜால் காமிக்ஸ் எனப் பல வண்ண அட்டைகள். கரப்பான் அரித்தவை சில, அட்டை இழந்தவை சில. எல்லாவற்றிற்கும் அடியில், நடுவே கிழிக்கப்பட்ட ஒரு முத்து காமிக்ஸின் முற்பாதி மட்டும் நூலால் கட்டப்பட்டிருந்தது. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இவற்றை நூலகத்தில் வைக்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை எழுந்தது. படக்கதை படிக்கும் பிள்ளை பாடநூலைத் தொடாது என்பது நம் வீடுகளில் நெடுநாளாக வழங்கிவரும் பேச்சு. இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்னும் மனநல மருத்துவர், படக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூலே எழுதினார். அந்நாட்டு மேலவை விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அஞ்சி, எதை வரையலாம், எதை வரையலாகாது என்று தமக்குத் தாமே விதிகள் வகுத்துக்கொண்டனர்.

ஆயினும் படக்கதையின் முன்னோடியாகப் பலராலும் கூறப்படுபவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை அறிந்தபோது எங்கள் தயக்கம் பாதி நீங்கிற்று. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் விடுதிப் பள்ளி நடத்தியவர் ரொடோல்ஃப் டோப்ஃபர். கண் நோயினால் ஓவியராகும் ஆசையைக் கைவிட்ட அவர், கட்டம் கட்டமாக வேடிக்கைப் படங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் அடியிலும் கதையை எழுதினார். செர்மானியப் பெருங்கவிஞர் கோதே அவற்றைக் கண்டு மகிழ்ந்து பாராட்டினார். 1830களில் அவை அச்சேறின. ஆசிரியர் தொடங்கி வைத்த கலையை ஆசிரியர்களே விலக்குவானேன்? வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் படிப்பதென முடிவு செய்தோம்.

முதலில் பெட்டியில் இருந்தவற்றின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் வேண்டும். தமிழ்நாட்டில் தினத்தந்தி நாளேட்டில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு, நாளுக்குச் சில கட்டங்களாகப் பல்லாண்டு தொடர்ந்தது. முடிவில்லாமல் இழுபடும் எதையும் 'கன்னித்தீவுக் கதை' என்று சொல்லும் வழக்கே மக்களிடையே உண்டாயிற்று. 1972இல் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்ற சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அவருடைய மகன் விசயன், பள்ளிப் பருவம் கடந்த சிறு வயதிலேயே 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். இவ்விரண்டும் இன்றும் சிவகாசியிலிருந்து வெளிவருகின்றன. அம்புலிமாமாவோ 1947இல் பிறந்து, இந்நூற்றாண்டில் நின்றுபோயிற்று.

முத்து காமிக்ஸின் முதல் வீரர் இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தோன்றியவர். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் உருவானவர். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட அவர், உடலில் மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் மறையாது. (இதனைக் கேட்ட அன்றே மின்விசைப் பக்கம் விரலை நீட்டிய மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குத் தலைமையாசிரியர் தனியே ஒரு பாடம் நடத்த நேர்ந்தது. பெற்றோர்கள் கவனிக்க!)

இக்கதைதான் எங்களுக்கு ஓர் உண்மையை விளக்கிற்று. மாயாவி மறைந்தபின் கட்டத்தில் ஒரு கை மட்டும் வெட்டவெளியில் மிதக்கிறது. அடுத்த கட்டத்தில் கதவு திறந்திருக்கிறது. கதவைத் திறந்த செயலை யாரும் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் படிப்பவனே அதனை மனத்தால் வரைந்துகொள்கிறான். ஸ்காட் மெக்லவுட் என்னும் அமெரிக்க ஓவியர் 1993இல் வெளியிட்ட ஒரு நூலில், படக்கதையின் உயிர் அந்த இடைவெளியிலேயே இருக்கிறது என்று விளக்குகிறார். அந்நூலே ஒரு படக்கதையாகத்தான் அமைந்துள்ளது.

இதனைக்கொண்டு ஒரு சோதனை செய்தோம். பேச்சுக் குமிழ்களைக் காகிதத் துண்டுகளால் மறைத்து, படத்தை மட்டும் காட்டிக் கதை சொல்லச் செய்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறி, வகுப்பில் வாய் திறவாதிருந்த பிள்ளைகள் இருவர் முந்திக்கொண்டு கதை சொன்னார்கள். பிறகு காகிதத்தை நீக்கி, தாங்கள் சொன்னது சரிதானா என்று பார்க்கச் சொன்னோம். பார்ப்பதற்குப் படிக்க வேண்டியதாயிற்று, படித்தார்கள். ஆண்டிறுதியில் அவர்கள் தங்குதடையின்றிப் படித்தார்கள் என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் புத்தகத்தைக் கண்டு ஒளிவதை விட்டார்கள். மாறாக, நன்கு படிக்கும் சிலர் படத்தை மட்டும் புரட்டிவிட்டுப் 'படித்துவிட்டோம்' என்று ஏய்த்ததும் உண்டு.

மொழிபெயர்ப்பாளரின் தொல்லையையும் அறிந்தோம். குமிழின் அளவு அயல்நாட்டு ஓவியர் வைத்ததே. ஆங்கிலத்தில் 'ரன்' என்று மூன்றெழுத்தில் அடங்குவது தமிழில் மரியாதையோடு சொல்ல வேண்டுமாயின் 'ஓடுங்கள்' என நீள்கிறது. குண்டு பாய்வதற்குள் மரியாதை வேண்டுமா என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்.

எல்லாவற்றையும் நாங்கள் போற்றிவிடவில்லை. இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் 1990 வரை இந்தியாவில் வெளிவந்தது. அதில் வேதாளர் என்றும், பின்னர் ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் அழைக்கப்பட்ட முகமூடி வீரர், லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் 1936இல் படைத்த பாத்திரம். கதை விறுவிறுப்பானதே. ஆனால் அடர்காட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளையர் மண்டை ஓட்டு வடிவக் குகையில் அமர்ந்திருக்க, காட்டு மக்கள் அனைவரும் அவர் தீர்ப்புக்குக் காத்து நிற்கின்றனர். பேரனை அழைத்துச் செல்ல வந்த ஒரு பாட்டி அந்தப் படத்தை உற்றுப் பார்த்து, "இவரு எந்தத் தோட்டத்துத் துரை?" என்று கேட்டார். நாற்பதாண்டு பால்வெட்டியவர் அவர். அவருடைய ஒரு கேள்விக்குப்பின் அக்கதையைப் பற்றி நாங்கள் ஆயத்தம் செய்து வைத்திருந்த விளக்கம் தேவைப்படவில்லை.

பிள்ளைகள் மிகவும் விரும்பியது சுப்பாண்டியை. சொன்னதை அப்படியே செய்து வம்பில் மாட்டும் அவன், தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கதையொன்றிலிருந்து 1983இல் டிங்கிள் இதழுக்குப் போனவன். வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர் வழியே தமிழுக்குத் திரும்பி வந்தவன்.

பெட்டியில் இல்லாத ஒன்றை நாங்களே வாங்கிச் சேர்த்தோம். அது நம் நாட்டு ஓவியர் லாட் 1979இல் வெளியிட்ட 'கம்போங் பாய்'. பேராக்கிலுள்ள ஒரு மலாய்க் கம்பத்தில் தாம் வளர்ந்த கதையை அவர் வரைந்திருக்கிறார். அதில் மாயாவி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆற்றில் குளிக்கும் சிறுவர்கள், ஈய வயல், பள்ளி, இறுதியில் படிப்புக்காக ஈப்போ நகருக்குப் புறப்படும் சிறுவன், அவ்வளவே. அதனைப் படித்து முடித்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், பால்மரம் இருக்கிற புத்தகம் எது?" என்றான். பெட்டி முழுவதும் தேடினோம். சிங்கமும் கடற்கொள்ளையரும் விண்கலமும் இருந்தன. பால்மரம் ஒன்றுகூட இல்லை.

ஆகவே மூன்றாம் தவணையில் பிள்ளைகளே வரைந்தார்கள். ஒரு மாணவி, தன் பாட்டியின் ஒரு நாளை எட்டுக் கட்டங்களில் வரைந்து வந்தாள்: விடியுமுன் எழுதல், பெரட்டு, வெட்டு, பால் சேர்த்தல், நிறுத்தல். அதனை வீட்டில் கண்ட அவள் தந்தையார், "கோடு தப்பு" என்று கூறிவிட்டாராம். அவர் சொன்னது சரியே. பால்மரத்தின் பட்டையில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் வலப்புறம் சற்றுச் சாய்ந்து மேலேறுவதால், அவ்வாறு வெட்டினால்தான் குழாய்கள் மிகுதியாக அறுபட்டுப் பால் நன்கு வடியும். மாணவி மாற்றித் தீட்டியிருந்தாள். பாலுக்கு ஏன் இருட்டில் எழ வேண்டும் என்ற வினாவும் அன்று எழுந்தது. குளிர்ந்த விடியற்பொழுதில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நெடுநேரம் ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். சுற்றிலும் செம்பனையே கண்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தி.

இனி, அந்தக் கிழிந்த புத்தகம். பெட்டியைக் கொடுத்தவர் வேறொரு தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த காலத்தில், பாட வேளையில் ஒளித்துப் படித்ததற்காக ஆசிரியர் ஒருவர் அதனைக் கிழித்து, பின்பாதியை அடுப்பில் இட்டுவிட்டாராம். முற்பாதியை அவர் நாற்பதாண்டுக் காலம் வைத்திருந்தார். முடிவு என்னவாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. இதனை அவர் மகள் மூலம் அறிந்து, சிவகாசி மறுபதிப்பு ஒன்றை அஞ்சலில் வரவழைத்தோம். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் சிரம்பானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். சிறுவர் மேசையில், சிறுவர் நாற்காலியில் அமர்ந்து, கிழிந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். பிள்ளைகள் சந்தடியின்றிப் பார்த்திருந்தனர்.

கடைசிக் கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடினார். "நான் நெனச்சு வச்சிருந்த முடிவு இதைவிட நல்லாருக்கு, சார்" என்று சிரித்தார். அது என்ன முடிவு என்று பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவர் எழுந்து, எழுதுகோல் ஒன்று கேட்டு வாங்கி, வெண்பலகையில் முதற் கட்டத்தை வரைந்தார்.