சிக்னலில் முந்தும் இ-ஸ்கூட்டர் பைபாஸில் பின்தங்குவது ஏன்?

சிக்னலில் பச்சை விழுந்ததும், பக்கத்தில் நிற்கும் 150 சிசி பைக்கை விட்டுவிட்டு சத்தமே இல்லாமல் ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சீறிப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். பைபாஸ் ஏறியதும் அதே பைக் அந்த ஸ்கூட்டரைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடும். ‘அப்போ, எதுதாங்க ஸ்பீடான வண்டி?’ என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. பிக்கப் வேறு, டாப் ஸ்பீடு வேறு.

பிக்கப் எங்கிருந்து வருகிறது?

சக்கரத்தைச் சுழலவைக்கும் முறுக்குவிசைதான் ‘டார்க்’. மின் மோட்டார், நின்ற இடத்திலிருந்தே கிட்டத்தட்ட முழு டார்க்கையும் கொடுத்துவிடும். பெட்ரோல் இன்ஜின் அப்படியில்லை. நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகளைத் தொட்டால்தான் முழு பலத்தைக் காட்டும். அதுவரை கிளட்ச், முதல் கியர் என்று சமாளிக்க வேண்டும்.

டாப் ஸ்பீடுக்குத் தடை எது?

முக்கியமாக, காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான பவரோ எட்டு மடங்கு! போதாக்குறைக்கு, மோட்டார் வேகமாகச் சுற்றும்போது அதற்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உருவாகும். அது பேட்டரியின் வோல்டேஜை நெருங்க நெருங்க இழுவை குறையும். பெரும்பாலான இ-ஸ்கூட்டர்களில் மாற்றிப்போட கியரும் இல்லை. பைக்கில் இருக்கிறது.

பவர் மட்டும் போதுமா?

போதாது, பிடிப்பும் வேண்டும். ரயிலைப் பாருங்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம். அதிக விசை கொடுத்தால் வழுக்கும். மொத்த ரயிலையும் முன்னால் இருக்கும் ஒரே இன்ஜின் இழுத்தால், அதன் சில சக்கரங்கள் மட்டுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். சென்னை ஐ.சி.எஃப்.பில் உருவான வந்தே பாரத்தில் தனி இன்ஜின் இல்லை. பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் இருக்கின்றன. தள்ளும் வேலையைப் பல சக்கரங்கள் பகிர்ந்துகொள்வதால் சட்டென்று வேகமெடுக்கிறது.

ஓட்டுபவர் கவனத்துக்கு

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், ஒரே விநாடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே ஓடிப்போகும் தூரம் அது. வேகம் 40-லிருந்து 80 ஆனால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு. இ-ஸ்கூட்டரில் அந்த வேகம் கியர் மாற்றாமல், இன்ஜின் உறுமாமல் வந்துவிடும். காது எச்சரிக்காது; ஸ்பீடோமீட்டரைக் கண்தான் கவனிக்க வேண்டும்.

புது வண்டியின் டெஸ்ட் ரைடில் பிக்கப்பை மட்டும் பார்க்காதீர்கள். பிரேக்கையும் ஒருமுறை நன்றாகச் சோதித்துவிடுங்கள்.